விமான நிறுவன ஹெச்.ஆர். வேலைக்குப் புதியவரா? ரோஸ்டரிலிருந்து தொடங்குங்கள்

எம்.பி.ஏ. முடித்துவிட்டு விமான நிறுவனத்தின் ஹெச்.ஆர். பிரிவில் சேருபவருக்கு முதல் வாரம் கிடைப்பது ஒரு லேப்டாப், ஓர் அடையாள அட்டை, நிறுவனத்தின் தொலைநோக்கு பற்றி ஒரு கட்டு ஸ்லைடுகள். வங்கியிலிருந்தோ ஐ.டி.யிலிருந்தோ மாறி வருபவருக்கும் அதேதான். ஸ்லைடுகளை ஒரு முறை பார்த்துவிட்டு ஓரமாக வையுங்கள். நிறுவனத்தின் வியாபார உத்தி உண்மையில் என்ன என்று தெரிய வேண்டுமானால், அடுத்த மாத ரோஸ்டரைக் கேட்டு வாங்குங்கள். எந்த கேப்டன் எந்த நாளில் எந்த விமானத்தில் போகிறார், யாருக்கு விடுப்பு, யார் ஸ்டாண்ட்பை (யாராவது வராவிட்டால் கூப்பிடத் தயாராக இருப்பவர்), யாருக்குப் பயிற்சி என்று எல்லாம் அதில் இருக்கும்.

ஐ.டி. நிறுவனத்தில் ஐந்து பேர் குறைந்தால் வேலை இரண்டு வாரம் தள்ளிப்போகும். இங்கே ஒரு கேப்டன் வரவில்லையென்றால் 180 பேர் கிளம்ப முடியாது. அந்த விமானத்துக்காக அடுத்தடுத்த ஊர்களில் காத்திருப்பவர்களும் சேர்ந்து மாட்டிக்கொள்வார்கள். ஆள் கணக்கும் வியாபாரக் கணக்கும் இவ்வளவு நெருக்கமாகப் பின்னிக்கிடக்கும் தொழில்கள் குறைவு. அந்தக் கணக்கை எந்த வரிசையில் படித்துக்கொண்டால் சீக்கிரம் பிடிபடும் என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். உதாரணங்கள் இந்தியாவிலிருந்தும் வெளியிலிருந்தும் கலந்து வரும்.

1. விமானம் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் பறக்கிறது?

நின்றுகொண்டிருக்கும் விமானம் காசு பார்ப்பதில்லை. ஆனால் அதன் குத்தகைப் பணம் மாதாமாதம் போய்க்கொண்டே இருக்கும். மலிவுக் கட்டண நிறுவனங்களின் உத்தி முழுக்க இந்த ஒரு விஷயத்தில்தான் நிற்கிறது.

இதைப் படிக்க நல்ல இடம் அமெரிக்காவின் சவுத்வெஸ்ட். 1971 ஜூன் 18-ஆம் தேதி டல்லஸ், ஹூஸ்டன், சான் ஆன்டோனியோ ஆகிய மூன்று டெக்சாஸ் ஊர்களுக்கிடையே பறக்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டே கையில் பணம் இல்லை. இருந்த நான்கு போயிங் 737-களில் ஒன்றை விற்றுவிட்டார்கள். ஆனால் நான்கு விமானங்களுக்குப் போட்ட கால அட்டவணையை விட மனமில்லை. மூன்றை வைத்து அதை ஓட்ட வேண்டுமானால் வந்து நிற்கும் விமானத்தைப் பத்தே நிமிடத்தில் திருப்பி அனுப்ப வேண்டும். அனுப்பினார்கள். பணிப்பெண்கள் இருக்கைகளைச் சுத்தம் செய்தார்கள். தேவைப்பட்டால் விமானிகளும் பைகளுக்குக் கை கொடுத்தார்கள். ‘இது என் வேலை இல்லை’ என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

இதில் ஹெச்.ஆர். எங்கே வருகிறது என்றால், அடுத்து நடந்ததில். 1973-லேயே லாபத்தில் ஊழியர்களுக்குப் பங்கு கொடுக்கத் தொடங்கினார்கள். அமெரிக்க விமானத் துறையில் அதுதான் முதல் முறை. ஊழியர்களில் பெரும்பாலானவர்கள் தொழிற்சங்கத்தில் இருந்தார்கள். அப்படியும் வேலைப் பிரிவுகளை இறுக்கிக் கட்டாத ஒப்பந்தங்களைப் பேசி வாங்க முடிந்தது. மலிவுக் கட்டணம் என்றாலே மலிவுச் சம்பளம் என்று நினைத்துக்கொண்டு வருபவர்கள் இந்த நிறுவனத்தின் பழைய கதையை ஒரு முறை படிப்பது நல்லது. செலவு குறைந்தது ஆளுக்குக் கொடுத்த பணத்தைக் குறைத்ததால் அல்ல. ஒரு ஆளும் ஒரு விமானமும் நாளொன்றுக்குச் செய்த வேலை கூடியதால்.

இன்னொன்று, அவர்கள் ஒரே ரக விமானத்தை வைத்துக்கொண்டார்கள். ஒரு விமானி பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு ரக விமானத்தைத்தான் ஓட்டுவார். எல்லாம் 737 என்றால் எந்த விமானிக்குப் பதிலும் எந்த விமானியையும் போடலாம். இண்டிகோவும் இதே பாடத்தைப் படித்துத்தான் வந்தது. 2005-ல், ஒரு விமானம்கூடப் பறக்காத நிலையில், 100 ஏர்பஸ் 320-களுக்கு ஆர்டர் கொடுத்து, 2006 ஆகஸ்டில் சேவையைத் தொடங்கியது. பிறகு சின்ன ஊர்களுக்காக ஏ.டி.ஆர். என்ற சிறிய ரக விமானங்களைச் சேர்த்தார்கள், 2024-ல் நீண்ட தூரப் பயணத்துக்காக 30 ஏர்பஸ் 350-களுக்கு ஆர்டர் போட்டார்கள். ஒவ்வொரு புது ரகமும் ஹெச்.ஆர்.க்குத் தனி விமானிக் குழு, தனிப் பயிற்சி, தனி ஸ்டாண்ட்பை, ‘பெரிய விமானத்துக்கு யார் முதலில் போவது’ என்ற தனிப் பஞ்சாயத்து. செய்தியில் ‘புதிய விமானம் வாங்குகிறோம்’ என்று வந்தால் உங்கள் காதில் இவ்வளவும் விழ வேண்டும்.

முதல் வாரத்தில் ஒரு தாளில் இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: எத்தனை விமானங்கள், எத்தனை ரகம், ஒரு விமானம் சராசரியாக நாளுக்கு எத்தனை மணி நேரம் பறக்கிறது, இறங்கியது முதல் மறுபடி கிளம்புவதுவரை எத்தனை நிமிடம், விமானிகளும் பயணிகளைக் கவனிக்கும் கேபின் க்ரூவும் எந்தெந்த ஊர்களைத் தளமாகக் கொண்டிருக்கிறார்கள்.

2. விமானத்தை ஆளாக மாற்றும் கணக்கு

இது சிக்கலான கணக்கல்ல, ஆனால் எல்லோரும் ஒரே இடத்தில்தான் வழுக்குவார்கள்.

ஓர் ஏர்பஸ் 320 நாளுக்கு 13 மணி நேரம் பறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 4,745 மணி. காக்பிட்டில் இரண்டு பேர், ஆக 9,490 மணி நேரத்துக்கு விமானி வேண்டும். இந்திய விதிப்படி ஒரு விமானி வருடத்துக்கு 1,000 மணி நேரத்துக்கு மேல் பறக்கக் கூடாது. ‘அப்படியென்றால் பத்துப் பேர் போதுமே’ என்று தோன்றும். தோன்றட்டும், ஆனால் எழுதிவிடாதீர்கள். வாராந்திர ஓய்வு, ஆண்டு விடுப்பு, ஆறு மாதத்துக்கு ஒரு முறை சிமுலேட்டர் தேர்வு, மருத்துவப் பரிசோதனை, ஸ்டாண்ட்பையாக வீட்டில் உட்கார்ந்திருக்கும் நாட்கள், அடுத்த ஊரிலிருந்து விமானம் ஓட்டுவதற்காகப் பயணியாக உட்கார்ந்து போகும் ‘டெட்ஹெட்’ பயணங்கள் எல்லாம் கழிந்தபின் ஒருவரிடமிருந்து 750 மணி கிடைக்கிறது என்று கொள்வோம். 9,490-ஐ 750-ஆல் வகுத்தால் 12.65. 100 விமானம் உள்ள நிறுவனத்துக்கு 1,265 விமானிகள்.

ஒரு விதி மாறி, அந்த 750 என்பது 700 ஆகிவிட்டது என்று வையுங்கள். இப்போது 1,356 பேர் வேண்டும். ஒரு விமானம்கூடப் புதிதாக வாங்கவில்லை, ஒரு ஊரும் கூடவில்லை; ஆனால் 90 பேர் புதிதாகத் தேவை, அதில் பாதிப் பேர் கேப்டன்கள். இந்த 750 என்ற எண் உங்கள் நிறுவனத்தில் எவ்வளவு என்று தெரிந்துகொள்வதுதான் முதல் மாதத்தின் முக்கிய வேலை. எத்தனை விமானிகளும் கேபின் க்ரூவும் வேண்டும் என்று கணக்கிடும் க்ரூ பிளானிங் பிரிவில் கேளுங்கள். ஆளுக்கொரு எண் சொல்வார்கள். ஏன் வேறுபடுகிறது என்று விசாரித்தாலே பாதித் தொழில் பிடிபட்டுவிடும்.

கேபின் க்ரூவுக்குக் கணக்கு வேறு. 50 இருக்கைக்கு ஒருவர் இருக்க வேண்டும். 180 இருக்கை என்றால் நால்வர். 78 இருக்கை உள்ள ஏ.டி.ஆருக்கு இருவர். இந்த விதியை வைத்து ஆடிய ஆட்டம் ஒன்று சொல்கிறேன். 2022 கோடையில் பிரிட்டனின் ஈஸிஜெட்டுக்கு ஆள் பஞ்சம். அவர்களுடைய ஏர்பஸ் 319-ல் 156 இருக்கைகள், ஆகவே நான்கு பேர் வேண்டும். கடைசி வரிசையின் ஆறு இருக்கைகளைக் கழற்றிவிட்டார்கள். 150 இருக்கை, மூன்று பேர் போதும். விற்கக்கூடிய ஆறு டிக்கெட்டை விட்டுக்கொடுத்து, பறக்க முடியாமல் நின்றிருக்கக்கூடிய விமானங்களைப் பறக்க வைத்தார்கள். ஹெச்.ஆர். பிரச்சினைக்கு ஸ்பேனரால் தீர்வு கண்ட இந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்தது.

கேபின் க்ரூ விஷயத்தில் இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். இந்தியாவில் இந்த வேலையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள். மகப்பேறு விடுப்பு 26 வாரம். அதற்கு முன்பே பறக்கும் பணி நின்றுவிடும். இதைத் திட்டத்தில் முன்கூட்டியே சேர்க்காமல், ஒவ்வொரு முறையும் திடீர் இழப்பு போல அலறும் மேலாளர்கள் உண்டு. ஒரு காலத்தில் இதற்கு ஏர் இந்தியா வைத்திருந்த வழி முதல் கர்ப்பத்தோடு வேலையை முடித்துவிடுவது. அந்த விதியை 1981-ல் நர்கேஷ் மீர்சா வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஹெச்.ஆருக்கு வருபவர்கள் அந்தத் தீர்ப்பைத் தேடிப் படியுங்கள்.

3. ஆள் உருவாக எவ்வளவு காலம்?

விமானத்தைக் குத்தகைக்கு எடுத்தால் சில மாதங்களில் வந்துவிடும். கேப்டன் அப்படி வரமாட்டார். 200 மணி நேரம் பறந்து வணிக விமானி உரிமம் வாங்க வேண்டும். பிறகு குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டுவதற்கான ‘டைப் ரேட்டிங்’ தகுதி, பயணிகளோடு பறக்கும் பயிற்சி, கேப்டனுக்குத் துணையான ஃபர்ஸ்ட் ஆபீசராகச் சில ஆண்டுகள். அடுத்தகட்ட உரிமத்துக்கு 1,500 மணி அனுபவம். அதற்கப்புறம் கேப்டன் பயிற்சி, தேர்வு. இன்று சேர்க்கும் பையன் கேப்டனுக்குரிய இடது இருக்கையில் உட்காரும்போது இன்றைய சி.இ.ஓ. பெரும்பாலும் அந்த நாற்காலியில் இருக்கமாட்டார்.

அப்படியானால் வேறு நிறுவனத்திலிருந்து எடுக்கலாமே? எடுக்கலாம், ஆனால் 2017-ல் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அதாவது டி.ஜி.சி.ஏ., கேப்டனுக்கு ஓராண்டு, ஃபர்ஸ்ட் ஆபீசருக்கு ஆறு மாதம் என நோட்டீஸ் காலத்தை நீட்டியது. காகிதத்தில் இது நிறுவனங்களுக்குப் பாதுகாப்பு. நடப்பில் என்ன ஆகும் என்பது 2023-ல் ஆகாசா விமான நிறுவனத்தில் தெரிந்தது. 43 விமானிகள் நோட்டீஸ் காலத்தை முடிக்காமலே போய்விட்டதாகச் சொல்லி நிறுவனம் நீதிமன்றத்துக்குப் போனது. அந்த ஆகஸ்டில் மட்டும் ஏறக்குறைய 600 சேவைகள் ரத்து. அப்போது அவர்களிடம் இருந்தது 20 விமானம்தான். வழக்கில் யார் பக்கம் நியாயம் என்பது வேறு கதை. புதியவர் கவனிக்க வேண்டியது, ஒப்பந்தத்தில் இருக்கும் ஓராண்டு நோட்டீஸை நம்பி ஆள் திட்டம் போடக் கூடாது என்பதை. போகிறவர் போய்விடுவார், வழக்கில் ஜெயித்தாலும் அன்று காலை ஆறு மணி விமானத்தைத் தீர்ப்பு ஓட்டாது.

ஆகவே உங்கள் அட்டவணையில் மூன்று பத்திகள் வேண்டும்: இன்று இருப்பவர்கள், பயிற்சியில் இருப்பவர்கள், போகக்கூடியவர்கள். மூன்றாவது பத்தியை எழுத யாரும் விரும்பமாட்டார்கள். 65 வயதை எட்டப்போகிறவர்கள், மருத்துவத் தகுதி சந்தேகத்தில் இருப்பவர்கள், வளைகுடா நிறுவனங்கள் ஆள் எடுக்கும் பருவத்தில் காணாமல் போகக்கூடியவர்கள் எல்லாம் அதில் வருவார்கள்.

4. விதி மாறும் தேதியை நாள்காட்டியில் குறித்தல்: டிசம்பர் 2025

மற்ற எதையும் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்.

விமானிகளின் களைப்பைக் குறைக்க டி.ஜி.சி.ஏ. 2024 ஜனவரியில் புதிய பணி நேர விதிகளை வெளியிட்டது. வாராந்திர ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியாகும். இரவு என்பது நள்ளிரவு முதல் காலை 5 வரை என்றிருந்தது 6 வரை நீளும். இரவு நேரத்தைத் தொடும் பணியில் விமானத்தைத் தரையிறக்கக்கூடிய எண்ணிக்கை ஆறிலிருந்து இரண்டாகக் குறையும். அந்த ஆண்டு ஜூனிலேயே நடைமுறைக்கு வர வேண்டியது. நிறுவனங்கள் எதிர்த்ததால் தள்ளிப்போனது. பிறகு டெல்லி உயர் நீதிமன்றத்தில் விஷயம் போய், இரண்டு கட்டமாக அமல் என்று முடிவானது. முதல் கட்டம் 2025 ஜூலை 1, இரண்டாம் கட்டம் நவம்பர் 1.

இந்த வரிகள் ரோஸ்டரில் என்ன செய்யும் என்று பாருங்கள். வளைகுடாவிலிருந்து நள்ளிரவுக்கு மேல் கிளம்பி காலை 5:30-க்குச் சென்னையில் இறங்கும் ஒரு விமானம். அது இரவைத் தொடும் பணி; பழைய விதியில் அதே பணியில் ஆறு முறை வரை தரையிறங்கலாம். புதிய விதியில் இரண்டு முறைதான். இறங்கிய விமானிகளை அப்படியே இன்னும் இரண்டு சுற்றுக்கு அனுப்பிக்கொண்டிருந்திருந்தால், இனி முடியாது. காலை விமானத்துக்கு வேறு ஜோடி வேண்டும். இந்த மாற்றங்களால் இப்படி நாடு முழுக்க எத்தனை ஜோடிகள் கூடுதலாகத் தேவைப்படும் என்பது இரவு விமானங்களை அதிகம் நம்பும் நிறுவனத்துக்கு அதிகமாகவே உறைக்கும். இரவில் விமானங்களை நிறுத்தி வைக்காமல் ஓட்டுவதுதானே மலிவுக் கட்டண உத்தியின் அடிப்படை!

இண்டிகோ உள்நாட்டுச் சந்தையில் 60 சதவீதத்துக்கு மேல் வைத்திருந்த நிறுவனம். குளிர்கால அட்டவணையில் சேவைகளைக் குறைக்கவில்லை, கூட்டியது. நவம்பர் இறுதியில் ஏர்பஸ் 320 ரக விமானங்களுக்கு உலகம் முழுக்க அவசர மென்பொருள் மாற்றம் வந்தது. விமானங்கள் தாமதமாகி, பல சேவைகள் நள்ளிரவைத் தாண்டின. நள்ளிரவைத் தாண்டியதும் புதிய விதி பிடித்துக்கொண்டது. டிசம்பர் முதல் வாரத்தில் கட்டு அவிழ்ந்தது. 3 முதல் 5-ஆம் தேதி வரை மட்டும் 2,507 சேவைகள் ரத்து, 1,852 தாமதம், மூன்று லட்சத்துக்கும் அதிகமான பயணிகள் விமான நிலையங்களில் தவித்தார்கள்.

எத்தனை விமானிகள் குறைந்ததால் இவ்வளவும்? அந்த நாட்களில் வெளியான எண்களின்படி ஏர்பஸ் 320-களுக்குத் தேவை 2,422 கேப்டன்கள், இருந்தவர்கள் 2,357. பற்றாக்குறை 65. ஃபர்ஸ்ட் ஆபீசர்கள் தேவை 2,153. இருந்தவர்கள் 2,194, அதாவது 41 பேர் கூடுதல். இரண்டையும் கூட்டி ‘மொத்த விமானிகள்’ என்று ஒரு கட்டத்தில் எழுதினால் 4,575-க்கு வெறும் 24 பேர்தான் குறைவு என்று வரும்; மேலாளர் தலையாட்டிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுவார். ஆனால் கேப்டன் இல்லாமல் இரண்டு ஃபர்ஸ்ட் ஆபீசர்களை உட்கார வைத்து விமானத்தை அனுப்ப முடியாது. உங்கள் அறிக்கையில் கேப்டனையும் ஃபர்ஸ்ட் ஆபீசரையும் ஒருபோதும் ஒரே கட்டத்தில் கூட்டி எழுதாதீர்கள். ரகவாரியாகவும் தளவாரியாகவும் பிரித்தே எழுதுங்கள். டெல்லியில் மிஞ்சியிருக்கும் கேப்டன் கொச்சியின் காலை விமானத்துக்கு உதவமாட்டார், அவரை முந்தின நாளே பயணியாக ஏற்றி அனுப்பியிருந்தால் தவிர.

தேவையில் 3 சதவீதம்கூட இல்லாத அந்தப் பற்றாக்குறை ஏன் இவ்வளவு பெரிதாக வெடித்தது என்பதற்கு விசாரணையின் முடிவில் விடை இருக்கிறது. விமானம், ஆள் இரண்டையும் உச்ச அளவுக்குப் பிழிந்து ஓட்டியதில் ரோஸ்டரில் இருந்திருக்க வேண்டிய இடைவெளி கரைந்துபோயிருந்தது. புதிய விதிக்கான தயாரிப்பும் போதவில்லை. 2026 ஜனவரியில் நிறுவனத்துக்கு 22.20 கோடி ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. புதிய இரவு விதிகளிலிருந்து பிப்ரவரி 10 வரை தற்காலிக விலக்கும் தர வேண்டியதாயிற்று. இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு: களைப்பைக் குறைக்க வந்த விதியை, ஆள் எடுக்காததால் வந்த நெருக்கடியைக் காரணம் காட்டித் தளர்த்தினார்கள். நேரத்தோடு தயாரான நிறுவனங்களுக்கு அது என்ன சொல்லும்?

நீங்கள் செய்ய வேண்டியது: டி.ஜி.சி.ஏ. ஒரு வரைவு விதியை வெளியிட்ட அன்றே, ‘இது வந்தால் ஓர் ஆளிடமிருந்து கிடைக்கும் மணி எவ்வளவு குறையும்’ என்று க்ரூ பிளானிங்கிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். அந்தக் காகிதத்தில் தேதி இருக்கட்டும். விதி தள்ளிப்போகும் என்ற நம்பிக்கையை ஆள் திட்டத்தில் எழுதக் கூடாது.

5. விடுப்புக் கணக்கு

சின்ன விஷயம்போலத் தெரியும். 2017 செப்டம்பரில் ஐரோப்பாவின் ரயன்ஏரைக் கேட்டால் தெரியும். அவர்களுடைய விடுப்பு ஆண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை இருந்தது. அதை ஜனவரி–டிசம்பராக மாற்ற வேண்டியதாயிற்று. இடைப்பட்ட ஒன்பது மாதத்துக்குள் விமானிகளுக்குச் சேர வேண்டிய விடுப்பைக் கொடுத்துத் தீர்க்க வேண்டும். கோடை முழுக்கப் பறக்க வைத்துவிட்டு செப்டம்பரில் பார்த்தால் எல்லோருக்கும் விடுப்பு பாக்கி. நாளுக்கு 40, 50 சேவைகள் என ரத்து செய்யத் தொடங்கி, பிறகு குளிர்காலத்தில் இன்னும் 18,000 சேவைகளைக் கைவிட்டார்கள். விடுப்பில் வேலை செய்தால் கேப்டன்களுக்கு 12,000 யூரோ வரை தருவதாகச் சொன்னார்கள், பலர் மறுத்தார்கள். அதே டிசம்பரில், அதுவரை தொழிற்சங்கம் என்ற பேச்சையே அண்டவிடாத அந்த நிறுவனம் விமானிகள் சங்கங்களை அங்கீகரிப்பதாக அறிவித்தது. பல வருடப் பிடிவாதம் ஒரு விடுப்புப் பதிவேட்டில் முடிந்தது.

மாதாமாதம் ‘பாக்கி விடுப்பு நாட்கள்’ என்ற எண்ணைத் தளவாரியாக எடுத்துப் பாருங்கள். அது ஏறிக்கொண்டே போகிறதென்றால் நிறுவனம் ஆள் குறைவாக ஓடுகிறது என்று பொருள், மேலே யார் என்ன சொன்னாலும்.

6. சம்பளக் கட்டமைப்பு எதை வாங்குகிறது?

விமானியின் சம்பளம் இரண்டு துண்டு: பறந்தாலும் பறக்காவிட்டாலும் கிடைக்கும் உத்தரவாத மணி, அதற்கு மேல் பறந்தால் மணிக்கு இவ்வளவு. உத்தரவாதத்தைக் குறைத்தால் நிறுவனத்துக்கு மந்தமான மாதங்களில் லாபம். 2024-ல் விஸ்தாராவை ஏர் இந்தியாவோடு இணைக்கும்போது புதிய ஒப்பந்தத்தில் உத்தரவாத மணி 70-லிருந்து 40-ஆகக் குறைந்தது. ஏப்ரலில் விமானிகள் வரிசையாக உடம்பு சரியில்லை என்றார்கள். நிறுவனம் நாளுக்கு 25, 30 சேவைகளைக் குறைக்க வேண்டியதாயிற்று. ஒரு மாதத்தில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸில் கேபின் க்ரூ அதே வழியைப் பிடித்தார்கள். 25 பேரை வேலையைவிட்டு நீக்கிய நிறுவனம், தொழிலாளர் ஆணையர் முன்னிலையில் பேசி, மறுபடி எடுத்துக்கொண்டது. திடீரென்று கூட்டமாக வரும் மருத்துவ விடுப்பு உங்கள் பிரிவுக்கு எழுதப்பட்ட கடிதம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எதிர்ப்பக்க உதாரணம் கான்டினென்டல். 1983-லும் 1990-லும் இரண்டு முறை திவால். அமெரிக்காவின் பெரிய நிறுவனங்களில் நேரம் தவறுவதில் முன்னணி. 1994-ல் பொறுப்புக்கு வந்த கார்டன் பெத்தூன் ஒரு எளிய திட்டம் வைத்தார்: நேரந்தவறாமைப் பட்டியலில் முதல் ஐந்து இடத்துக்குள் வரும் ஒவ்வொரு மாதமும் ஊழியர் எல்லோருக்கும் 65 டாலர், சம்பளத்தோடு கலக்காமல் தனிக் காசோலையாக. 1995-ன் தொடக்கத்திலேயே பட்டியலில் மேலே வந்துவிட்டார்கள். தொகையைவிட முக்கியம் அது ‘எல்லோருக்கும்’ என்பது. தாமதத்துக்குக் காரணம் கேட்டரிங், இல்லை பராமரிப்பு, இல்லை கேட்டில் நின்றவர் என்று பிரிவுகள் பழிபோட்டுக்கொண்டிருந்த இடத்தில், ஒரு பிரிவு சொதப்பினால் எல்லோருக்கும் 65 டாலர் போச்சு. பிரிவுவாரி ஊக்கத்தொகை வடிவமைக்கச் சொல்லி உங்களிடம் கேட்டால் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள்.

7. இணைப்பு என்று காதில் விழுந்தால்

முதலில் சீனியாரிட்டி பட்டியலைத் தேடுங்கள். லோகோ, சீருடை, டிக்கெட் மென்பொருள் எல்லாம் ஒரு வருடத்தில் ஒன்றாகிவிடும். யார் யாருக்கு மேல் என்பது ஆகாது. 2007-ல் ஏர் இந்தியாவையும் இந்தியன் ஏர்லைன்ஸையும் அரசு இணைத்தது. சம்பளமும் பதவி உயர்வும் இரண்டு பக்கமும் வெவ்வேறு. 2011-ல் பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகள் சம்பளச் சமத்துவம் கேட்டுப் பத்து நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2012-ல் பழைய ஏர் இந்தியா விமானிகள் 58 நாள். அவர்களுடைய கோபம் புதிதாக வரும் ட்ரீம்லைனர் (போயிங் 787) விமானப் பயிற்சியில் மற்றவர்களுக்கும் இடம் கொடுத்ததில். இணைத்து ஐந்தாண்டு கழித்தும் ஒரே நிறுவனத்தில் ‘நாங்கள்’, ‘அவர்கள்’. இதைத் தீர்க்க 2011-லேயே நீதிபதி தர்மாதிகாரி தலைமையில் ஒரு குழுவே போட வேண்டியிருந்தது. 2024 நவம்பரில் விஸ்தாரா ஏர் இந்தியாவுக்குள் வந்தபோது இந்தப் பழைய காயம் எல்லோருக்கும் நினைவிருந்தது.

8. வெளியே கொடுத்துவிடலாமா?

பை ஏற்றுவது, விமானத்தைச் சுத்தம் செய்வது போன்ற தரைப் பணிகளை ஒப்பந்ததாரரிடம் கொடுப்பது எங்கும் நடப்பதுதான். கொடுப்பதற்கான காரணத்தை எழுதும்போது கவனம். ஆஸ்திரேலியாவின் குவான்டாஸ் 2020-ல், கோவிட் காலத்தில், பத்து விமான நிலையங்களில் 1,820 பேரின் வேலையை வெளியே கொடுத்தது. அவர்கள் பின்னால் கூட்டாகப் பேரம் பேசுவதைத் தடுப்பதும் ஒரு நோக்கம் என்று நீதிமன்றம் கண்டது. 2023-ல் உயர்மட்ட நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. இழப்பீடு 12 கோடி ஆஸ்திரேலிய டாலர். அதற்கு மேல் 2025-ல் 9 கோடி அபராதம். மிச்சம் பிடித்த கணக்கு அப்புறம் யாருக்கும் நினைவில்லை.

9. வேலை இன்னும் கிடைக்கவில்லையென்றால்

ஹெச்.ஆர். என்ற பெயர்ப்பலகை உள்ள இடத்துக்கு மட்டும் விண்ணப்பிக்காதீர்கள். க்ரூ பிளானிங், க்ரூ ஷெட்யூலிங், பயிற்சி ஒருங்கிணைப்பு ஆகிய மூன்றில் எதில் நுழைந்தாலும் இரண்டு வருடத்தில் தொழில் கைக்கு வந்துவிடும். எக்செல் நன்றாகத் தெரிந்திருந்தால் போதும். விமானம் பற்றித் தெரியாதது குறையில்லை. இரவு ஷிஃப்ட் இருக்கும், அதை வீட்டில் சொல்லிவிட்டு வாருங்கள். மழைக்காலத்தில் சென்னையில் ஓடுபாதையை மூடிவிட்டு, நான்கு விமானங்கள் பெங்களூருக்குத் திரும்பிப்போய், அதில் இருக்கும் க்ரூவின் பணி நேரம் நிமிடம் நிமிடமாகத் தீர்ந்துகொண்டிருக்கும் ஓர் இரவு ஆபரேஷன்ஸ் கன்ட்ரோல் அறையில் உட்கார்ந்தால், வகுப்பில் ஒரு பருவம் படித்ததைவிட அதிகம் தெரிந்துகொள்ளலாம்.

இன்டர்வியூவில் ‘ஏதாவது கேட்க வேண்டுமா?’ என்பார்கள். சம்பளத்தைக் கேட்டு முடித்தபின் இவற்றையும் கேளுங்கள்: ஒரு விமானத்துக்கு எத்தனை ஜோடி விமானிகள் வைத்திருக்கிறீர்கள்? ரோஸ்டர் எத்தனை நாள் முன்னதாக வெளியாகிறது, வெளியான பிறகு எத்தனை முறை மாறுகிறது? போன வருடம் ஃபர்ஸ்ட் ஆபீசர்களில் எத்தனை பேர் கேப்டன் ஆனார்கள்? எண்ணைச் சொல்ல முடியாது, ரகசியம் என்பார்கள், அது பரவாயில்லை. கேள்வியே புரியாமல் விழித்தால் வேறு நிறுவனத்திலும் விண்ணப்பித்து வையுங்கள்.